முதல் பிரசங்கத்துக்கு முன் கடிதத்தை முழுக்க வாசியுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். சிங்கப்பூரிலேயே பிறந்து, ஞாயிறு பள்ளியில் வளர்ந்து, 27 வயதில் முதல்முறையாகத் தமிழ் ஆராதனையில் செய்தி கொடுக்கப் போகிறீர்கள். போதகர் கொடுத்த பகுதி வேதாகமத்தில் எரேமியா 29-ஆம் அதிகாரம், பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம். கையில் மூன்று வாரம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது, தடுமாறும் தமிழை வைத்துக்கொண்டு பெரியவர்கள் முன்னால் எப்படி நிற்பது, 25 நிமிடம் சபையைத் தூங்கவிடாமல் எப்படிப் பேசுவது என்று கேட்கிறீர்கள்.

நான் வேதாகமக் கல்லூரியில் படித்தவன் இல்லை. கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். 28 வருடமாக, கூப்பிடும்போது போய்ப் பிரசங்கம் செய்கிறேன். உங்களுக்குக் கிடைத்திருக்கும் இதே அதிகாரத்தில்தான் நான் செய்ததிலேயே மோசமான பிரசங்கத்தைச் செய்தேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

புத்தாண்டு பிறக்கும் இரவு ஆராதனை. வாக்குத்தத்த வசனமாக 29:11-ஐ எடுத்தேன். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற வசனம். அந்த ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த வருடம் வீடு கிடைக்கும், வேலையில் உயர்வு வரும், பிள்ளைகள் நல்ல மதிப்பெண் எடுப்பார்கள் என்று பேசினேன். சபை சத்தமாக ஆமென் சொன்னது. ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது, கட்டுமான வேலை செய்யும் ஒரு தம்பி நின்றார். இடது கையில் கட்டு. வேலை பெர்மிட்டை ரத்து செய்துவிட்டார்கள், நாலு நாளில் ஊருக்கு விமானம், ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனில் பாதிகூட அடையவில்லை. "ஐயா, நீங்க சொன்ன அந்த முடிவு எனக்கு எப்ப வரும்?" என்று கேட்டார். கோபமே இல்லை. உண்மையாகவே பதில் வேண்டும் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்று வீட்டுக்குப் போய் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். பிரசங்கம் செய்து முடித்த பிறகு வாசித்தேன் என்பதுதான் தவறு. 11-ஆம் வசனத்துக்கு முந்தைய வசனம், பாபிலோனில் எழுபது வருடம் நிறைவேறின பிறகே கர்த்தர் அவர்களைச் சந்திப்பார் என்கிறது. கி.மு. 597-ல் யூதாவின் ராஜா எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதியனுப்பிய கடிதம் இது. அதைக் கையில் வாங்கிய பெரியவர்களில் அநேகமாக ஒருவரும் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். அந்தக் கடிதத்தைத்தான் நான் பதவி உயர்வுக்கான வாக்குத்தத்தம் ஆக்கினேன்.

இன்னும் ஒரு அதிகாரம் பின்னால் போனேன். 28-ல் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டு வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். அதைக் கேட்ட எரேமியா முதலில் சொன்ன வார்த்தை ஆமென். கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். அவருக்கும் அதுதான் ஆசை. ஆனால் கர்த்தர் சொன்னது அது இல்லை. பிறகு அனனியா, பாபிலோனுக்குப் பணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தையும் பிடுங்கி உடைக்கிறான். அன்று இரவு நான் பேசியது அனனியாவின் பிரசங்கம். நம் ஊரில் வேலை பெர்மிட் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குத்தான் என்பதால், அந்த "இரண்டு வருடம்" என்ற சொல் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: முதல் வாரம் பேனாவை எடுக்காதீர்கள். 27, 28, 29 மூன்று அதிகாரங்களையும் வாய்விட்டு வாசியுங்கள். பத்துத் தடவையாவது வாசியுங்கள். எம்ஆர்டி ரயிலில் போகும்போது கேட்பொலியாகக் கேளுங்கள். யார் யாருக்கு எழுதுகிறார், எதற்காக எழுத வேண்டி வந்தது, எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது, எந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை என்று பாருங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நமக்கு உறுத்துகிற வசனத்தில்தான் பெரும்பாலும் அந்தப் பகுதியின் உயிர் இருக்கும்.

இரண்டு மொழிபெயர்ப்பாவது பக்கத்தில் இருக்கட்டும். நம் ஆராதனைகளில் வாசிக்கும் வேதாகமம் 1871-ல் முடிந்த மொழிபெயர்ப்பின் வழியில் வந்தது. 1995-ல் வந்த திருவிவிலியம் இன்றைய தமிழுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. உங்களைப் போல் இங்கே படித்தவர்கள் ஆங்கில வேதாகமத்தில் ஆயத்தம் செய்துவிட்டு அதைத் தமிழில் சொல்லப் பார்க்கிறார்கள். அதில் ஒன்று தவறிப்போகும். எபிரெயத்தில் 7-ஆம் வசனத்தில் மூன்று தடவையும் 11-ஆம் வசனத்தில் ஒரு தடவையும் ஷாலோம் என்ற ஒரே சொல் வருகிறது. ஆங்கிலத்தில் பலரும் வாசிக்கும் சில பதிப்புகளில் அது இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. நம் பழைய தமிழ் வேதாகமம் நான்கு இடத்திலும் "சமாதானம்" என்றே வைத்திருக்கிறது. "நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்." இந்த 7-ஆம் வசனத்தின் சமாதானத்தைத்தான் 11-ஆம் வசனம் வாக்குக் கொடுக்கிறது. அந்நிய ஊரின் நலமும் என் நலமும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. இதைக் கண்டுபிடிக்க எபிரெயம் தெரிய வேண்டியதில்லை, தமிழில் நிதானமாக வாசித்தால் போதும். விளக்கவுரைகளை அதற்குப் பிறகு திறவுங்கள். முதலிலேயே திறந்தால் அவர்கள் கண்டதையே நீங்களும் கண்டதாக நினைத்துக்கொள்வீர்கள்.

இரண்டாம் வாரம் சபையை வாசியுங்கள். ஒரு தாளில் ஐந்து பேரை எழுதுங்கள், பெயர் வேண்டாம். சனிக்கிழமை இரவு வேலை முடித்து நேரே வந்து பின்வரிசையில் உட்காரும் கட்டுமானத் தொழிலாளி. நிரந்தரவாசத்துக்கு மூன்று முறை விண்ணப்பித்து மூன்று முறையும் கிடைக்காத ஐடி தம்பதி. தாதிமை இல்லத்தில் கணவரை விட்டுவிட்டு வரும் அம்மா. தமிழில் ஒரு பத்தி வாசிக்கத் திணறும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை. மலாயா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்தின் பேரனாக, இந்த ஊரைத் தவிர வேறு ஊர் தெரியாத முதியவர். இப்போது ஒவ்வொருவராக அவர்கள் இடத்தில் உட்கார்ந்து 29-ஐ வாசியுங்கள். "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி" என்று வாசிக்கும்போது, பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் இருக்கும் தொழிலாளிக்கு எப்படி இருக்கும்? அவருக்கு வீடு கட்டவும் முடியாது, குடும்பத்தை அழைத்து வரவும் முடியாது. அந்த வலியைப் பார்க்காமல் "இருக்கிற இடத்தில் வேரூன்றுங்கள்" என்று மேடையிலிருந்து சொன்னால் அவர் மறு வாரம் வர மாட்டார். அவருக்கும் பொருந்துகிற பகுதி எது என்று தேடினால் 7-ஆம் வசனத்தில் கிடைக்கும். ஜெபிப்பதற்கு எந்தப் பெர்மிட்டும் வேண்டாம்.

ஆனால் நாம் யூதாவின் சிறைப்பட்டவர்கள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நேராகத் தாவினால் அது மறுபடியும் வசனத்தைப் பிடுங்குவதுதான். பாலம் வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. பேதுரு தன் முதல் நிருபத்தைச் சிதறியிருக்கிற பரதேசிகளுக்கு எழுதுகிறார். முடிவில் பாபிலோனிலுள்ள சபை வாழ்த்துகிறது என்கிறார். அதே எரேமியா இரண்டு அதிகாரம் தள்ளி, 31-ல், புதிய உடன்படிக்கையைச் சொல்கிறார். அந்தச் சொல்லையே இயேசு கடைசி இராப்போஜனத்தில் பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சொல்கிறார். இந்த வழியாக வந்தால் கிறிஸ்து பிரசங்கத்தின் கடைசியில் ஒட்டவைத்த துண்டாக இருக்க மாட்டார்.

இதற்குப் பிறகு ஒரு வாக்கியம் எழுதுங்கள், ஒன்றே ஒன்று. என் இரண்டாம் முயற்சியில், அடுத்த வருடம், நான் எழுதிய வாக்கியம்: "திரும்பிப் போகும் நாள் கர்த்தர் கையில் இருக்கிறது, அதுவரை இந்த ஊரின் சமாதானம் நம் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது." உங்களுடையது வேறாக இருக்கலாம். நீங்கள் சேர்த்த குறிப்புகளில் இந்த வாக்கியத்துக்கு வேலை செய்யாத எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அனனியாவைப் பற்றி நான் சேர்த்ததில் பாதியை எடுத்துவிட்டேன், மனமே வரவில்லை. மூன்று குறிப்பு இருந்தால்தான் பிரசங்கம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பகுதியில் இரண்டு இருந்தால் இரண்டு. மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும் என்பதற்காக இல்லாத கருத்தைப் பகுதிக்குள் திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உதாரணக் கதைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சபை வீட்டுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் அதைத்தான். வாட்ஸ்அப்பில் வரும் கதையைச் சரிபார்க்காமல் சொல்லாதீர்கள். கழுகு நாற்பது வயதில் தன் அலகைப் பாறையில் உடைத்து, இறகுகளைப் பிடுங்கிப் புது வாழ்வு பெறுகிறது என்ற கதையை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள்! எந்தக் கழுகும் அப்படிச் செய்வதில்லை. அலகு இல்லாத கழுகு பட்டினியில் சாகும். ஒட்டகம் முழங்காலிட்டு நுழையும் "ஊசியின் காது" என்ற வாசல் எருசலேமில் இருந்தது என்பதற்கும் ஆதாரம் இல்லை. இயேசு கூடாத காரியத்தைச் சொன்னார். அதை முழங்காலிட்டால் கூடும் என்று நாம் சுலபமாக்கிவிடுகிறோம். முன்வரிசையில் கைபேசி வைத்திருக்கும் பிள்ளை இதை அரை நிமிடத்தில் தேடிப் பார்த்துவிடும். கழுகு பொய் என்று தெரிந்தபின் கல்லறை காலியாக இருந்தது என்று நீங்கள் சொல்வதை அந்தப் பிள்ளை எந்த முகத்தோடு கேட்கும்?

நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு பாட்டி வீட்டு வாசல் தாழ்வாரத்தில் தொட்டியில் கறிவேப்பிலை வளர்த்தார். அந்த மாடியில் யார் வேண்டுமானாலும் கிள்ளிக்கொள்ளலாம். எதிர்வீட்டு மலாய்க்காரம்மா நோன்புக் கஞ்சிக் காலத்தில் பாத்திரம் நிறைய அனுப்புவார். மூலை வீட்டுச் சீனப் பெரியவர் பாட்டி ஊருக்குப் போயிருந்தால் தண்ணீர் ஊற்றுவார். "தோட்டங்களை நாட்டி" என்பதற்கு அந்த ஒரு தொட்டியைச் சொன்னேன். பல மாதம் கழித்தும் ஆட்கள் அதைப் பேசினார்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. நம் சபைகள் சிறியவை. ஜெபத்துக்காக ஒருவர் உங்களிடம் சொன்ன துக்கத்தை, பெயரை மறைத்துச் சொன்னாலும், மூன்றாவது வரிசைக்கு யாரென்று தெரிந்துவிடும். இங்கே எழுதிய கை அடிபட்ட தம்பியின் கதையைக்கூட அவர் அனுமதி வாங்கியே சொல்கிறேன். ஊருக்குப் போன பிறகு அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். பிறகு 29-ஐ இருவரும் சேர்ந்து முழுக்க வாசித்தோம்.

இப்போது தமிழ். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் நீங்கள் எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்படவில்லை. பேச்சுத்தமிழில் பேசினால் பெரியவர்கள் குறைவாக நினைப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். நெகேமியா 8:8-ஐப் பாருங்கள்: "தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை விளங்கப்பண்ணினார்கள்." விளங்கப்பண்ணுவதுதான் வேலை. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியவர். அப்படித் தொடங்கியவர்தான் தமிழில் பிரசங்கித்தார், 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். நீங்கள் வீட்டில் அம்மாவிடம் பேசுகிற தமிழ் போதும். "அவங்க வந்தாங்க, கர்த்தர் சொன்னாரு" என்றே சொல்லுங்கள். வசனத்தை மட்டும் உள்ளபடி, அழுத்தம் திருத்தமாக வாசியுங்கள். அந்த வாசிப்பைத்தான் நீங்கள் பயப்பட்டுப் பழக வேண்டும். "சிறைப்பட்டுப்போகப்பண்ணின" என்ற சொல்லில் நாக்கு சிக்கும். தினமும் காலையில் ஐந்து தடவை சத்தமாக வாசித்தால் இரண்டாம் வாரத்தில் வழிக்கு வந்துவிடும்.

கடினச் சொல் வந்தால் பக்கத்திலேயே எளிய சொல்லை வையுங்கள். கிருபை, இரட்சிப்பு, நியாயப்பிரமாணம், நீதிமானாக்கப்படுதல் எல்லாம் நமக்குப் பழகிப் பழகிக் காதில் விழாமலே போகிற சொற்கள். இங்கே செங்காங் பேட்டையில் வளர்ந்த பிள்ளைக்கு அவை வெறும் ஒலி. "கிருபைன்னா, எனக்குச் சேர வேண்டியதே இல்லாத நல்லதை ஒருத்தர் மனசார எனக்குக் குடுக்கிறது" என்று ஒருமுறை நின்று சொன்னால், அறுபது வருடம் கேட்ட பாட்டியும் தலையசைப்பார். பிரசங்கத்துக்கென்று ஒரு குரலை வரவழைத்துக்கொள்ளாதீர்கள். நேற்று சாப்பாட்டு மேசையில் கேட்ட குரலும் மேடைக் குரலும் வேறாக இருந்தால் உங்கள் வீட்டாருக்கே நம்பிக்கை வராது.

மூன்றாம் வாரம் முழுவதையும் எழுதுங்கள், பேசுகிற தமிழிலேயே. எனக்கு நிமிடத்துக்குச் சுமார் 90 சொல் போகும். 20 நிமிடத்துக்கு 1800 சொல் என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன். நீங்கள் கைபேசியில் பதிவு செய்து உங்கள் வேகத்தை அளந்து பாருங்கள். பதிவு செய்ததை ஒருமுறை முழுக்கக் கேளுங்கள், எந்த இடத்தில் உங்களுக்கே கவனம் போகிறதோ அந்த இடத்தை வெட்டுங்கள். பிறகு முதல் இரண்டு நிமிடத்தையும் கடைசி இரண்டு நிமிடத்தையும் மனப்பாடம் செய்துவிட்டு, நடுவில் இருப்பதை ஒரே அட்டையில் குறிப்பாக்குங்கள்.

உங்களுக்கு 25 நிமிடம் கொடுத்திருந்தால் 20-ல் முடியுங்கள். போப் பிரான்சிஸ் 2024-ல் குருக்களுக்குச் சொல்லும்போது மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது, ஜனங்கள் தூங்கிவிடுகிறார்கள் என்றார். நம் மரபு அவ்வளவு சுருக்கமில்லை. ஆனால் பவுல் நடுராத்திரி வரை பேசியபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கிப்போய் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்ததையும் லூக்கா எழுதிவைத்திருக்கிறார். இங்கே பல தமிழ்ச் சபைகள் கட்டடத்தை மற்ற மொழி ஆராதனைகளோடு பகிர்ந்துகொள்கின்றன. நீங்கள் பத்து நிமிடம் இழுத்தால், வாசலில் குழந்தையோடு ஒரு சீனக் குடும்பம் காத்து நிற்கும். அந்த நேரத்தில் பட்டணத்தின் சமாதானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது சரியாக இருக்காது. வாக்கியத்துக்கு வாக்கியம் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவர் பக்கத்தில் நின்றால் உங்கள் நேரம் பாதியாகிவிடும். வெள்ளிக்கிழமையே எழுதியதை அவரிடம் கொடுத்துவிடுங்கள், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள்.

மேடையில் மூன்றே காரியம் பார்த்துக்கொண்டால் போதும். வசனத்தை வாசித்தபின் இரண்டு விநாடி சும்மா இருங்கள். ஒரு கருத்தைச் சொல்லும்போது ஒரு முகத்தைப் பாருங்கள், அடுத்ததுக்கு அடுத்த முகம். சபை அமைதியாக இருந்தால் "அல்லேலூயா சொல்லுங்க" என்று கிளப்பாதீர்கள். அமைதியாக இருப்பவர் யோசித்துக்கொண்டிருக்கலாம். மைக் இருக்கிறது, கத்த வேண்டாம்.

பிற சமயங்களைத் தாழ்த்தி ஒரு சொல்கூட வரக் கூடாது. 1990-லேயே இங்கே சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் முன்னால் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்து உறவினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அம்மாவை நீங்கள் இழிவாகப் பேசியதாகக் காதில் விழுந்தால் பிறகு நற்செய்தி காதில் ஏறாது.

ஜெபத்தைக் கடைசியில் எழுதினாலும் மூன்று வாரமும் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் "எப்படிப் பேசுவோம், என்னத்தைப் பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள்" என்ற வசனத்தைச் சொல்லி ஆயத்தமில்லாமல் ஏறுகிறவர்களைப் பின்பற்றாதீர்கள். மத்தேயு 10-ல் அது, பிடிபட்டு அதிகாரிகள் முன் நிறுத்தப்படுகிறவர்களுக்குச் சொன்னது. மூன்று வாரம் முன்கூட்டியே தேதி கொடுக்கப்பட்டவருக்குச் சொன்னது இல்லை. எழுதிய தாளை வைத்துக்கொண்டு, அந்த ஐந்து பேருக்காக ஒவ்வொருவராக ஜெபியுங்கள். அப்படி ஜெபிக்கும்போது சில வரிகள் தானாகவே கூசிப்போய் விழுந்துவிடும். யாரையோ குத்துவதற்காக எழுதிய வரிகள் முதலில் விழும்.

பிரசங்கம் முடிந்ததும் வாசலில் "நல்லா இருந்துச்சு" என்பார்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். புதன்கிழமை போல் மூன்று பேரைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை நான் என்ன சொன்னேன்?" என்று மட்டும் கேளுங்கள். ஒருவர் பின்வரிசைத் தொழிலாளியாக இருக்கட்டும், ஒருவர் பள்ளிப் பிள்ளையாக இருக்கட்டும். மூவரும் மூன்று விதமாகச் சொன்னால், வாக்கியம் உங்களுக்கே தெளிவாகவில்லை என்று அர்த்தம். கதை மட்டும் நினைவிருக்கிறது என்றால், கதைக்கும் வசனத்துக்கும் நடுவில் போட்ட கயிறு அறுந்துபோயிருக்கிறது. அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை கூப்பிடுவார்கள்.

இரண்டாம் வாரம் சனிக்கிழமைக்குள் அந்த ஒரு வாக்கியத்தை எனக்கு அனுப்புங்கள். முழுப் பிரசங்கம் வேண்டாம், வாக்கியம் மட்டும். எரேமியா 29-ஐத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பார்க்கிறேன்.